தீபாவளிக்கு முன் முதலாளிகள் செய்ய வேண்டியவை
சேலம், நாமக்கல் பகுதித் தொழில்முனைவோருக்குப் பண்டிகைக்கால ஆலோசனை

ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று வாரம். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்கள், சேலத்துக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ மில்கள், நாமக்கல் கோழிப்பண்ணைகள், லாரி பட்டறைகள் எல்லாவற்றிலும் ஆண்டு முழுக்க உழைத்தவர்கள் கணக்குப் போட்டுக் காத்திருக்கும் நாட்கள் இவை. உங்களிடம் வேலை செய்பவர்களுக்கு நன்றி சொல்லவும் இதைவிட நல்ல வேளை கிடையாது. அந்த நன்றி முழுதாகவும் நேரத்திலும் போய்ச் சேர இப்போதிலிருந்தே செய்ய வேண்டியவை இவை.

ஆயுத பூஜைக்கு முன்: கணக்கை முடியுங்கள்

போனஸ் உரிமை. நன்றி அதற்கு மேல்தான் தொடங்குகிறது. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம், பின்னர் வந்த திருத்தங்களுடன், குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வகுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே வரம்புதான். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். அதைவிடச் சிறிய பட்டறைகளிலும் தீபாவளி போனஸ் நம் வட்டாரத்தின் வழக்கம்.

8.33 சதவீதம் என்பது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கூலி வாங்கியவருக்கு முழுக் கூலிக்கும் கணக்கிட்டால் 9,996 ரூபாய். ஒவ்வொருவருக்கும் இப்படித் தனித்தனியாக எழுதி, கணக்குத் தாளை அவர் கையிலேயே கொடுங்கள். மீட்டருக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களுக்குத் தங்கள் ஆண்டுக் கூலி மொத்தம் எவ்வளவு என்பது பல நேரம் தெரியாது. அந்தத் தாளில்தான் தெரியும்.

சீசனுக்கு மட்டும் வந்து போகிறவர்களை விட்டுவிடாதீர்கள். கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் பெறத் தகுதி உண்டு. சேகோ மில்லில் கிழங்குத் தோல் சீவும் பெண்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வருவார்கள்.

ஆயுத பூஜை அன்று: தொகையைச் சொல்லுங்கள்

தறியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கிட்டுக் கொடுக்கும் அன்று முதலாளியும் தொழிலாளியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை அன்றே எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள். நம் விசைத்தறி ஊர்களில் ஆண்டுதோறும் தொழிற்சங்கமும் உரிமையாளர்களும் பேசித்தான் போனஸ் முடிவாகிறது. அந்தப் பேச்சு கடைசி வாரம் வரை இழுத்தால் துணி எடுக்க வேண்டிய நாட்கள் வீணாகின்றன. பேச்சை முன்கூட்டியே தொடங்குவது உங்கள் கையில் இருக்கிறது.

பூஜையில் சூடம் காட்டும் தட்டை நெடுநாள் வேலை செய்யும் மூத்தவரிடம் கொடுங்கள். தார் சுற்றும் அம்மாவையும் கூட்டிப் பெருக்கும் அக்காவையும் பெயர் சொல்லி முன்னால் அழையுங்கள். காசு செலவில்லாத மரியாதை இது. ஆண்டு முழுக்க நினைவில் நிற்கும்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்: முழுதாகக் கொடுங்கள்

மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்குச் சட்டம் தரும் கெடு எட்டு மாதம், அதாவது நவம்பர் 30 வரை. கெடு இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். தீபாவளி தாண்டி வரும் போனஸ் பண்டிகைக்கு உதவாது. முந்தின நாள் இரவு கொடுப்பதிலும் பயன் குறைவு. ஜாக்கெட் தைக்கத் தையல்காரருக்கே ஒரு வாரம் வேண்டும். கடைசி நேரத்தில் கடையில் மிஞ்சிய துணியைத்தான் எடுக்க முடியும்.

முன்பணத்தைப் போனஸில் கழிக்காதீர்கள். இந்த ஆலோசனையில் முதன்மையானது இதுதான். அட்வான்ஸ் பாக்கிக்குப் போனஸைப் பிடித்துக்கொண்டால், அந்தக் குடும்பம் பண்டிகைச் செலவுக்கு வட்டிக்காரரிடம்தான் போகும். 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. கடன் நம் ஊர்த் தொழிலாளியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை அதற்குப் பிறகு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கியைப் பொங்கலுக்குப் பிறகு சிறுசிறு தவணையாகப் பிடியுங்கள். முடிந்தவர்கள் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யுங்கள். இந்தப் பருவத்தில் ஒரு முதலாளி தரக்கூடிய ஆகப் பெரிய பரிசு அது.

கணவனும் மனைவியும் சேர்ந்து தறி ஓட்டும் இடங்களில் இருவர் பணத்தையும் ஒருவர் பெயரில் போடாதீர்கள். அவரவர் வங்கிக் கணக்கில் அவரவர் தொகையைச் செலுத்துங்கள். அந்த அம்மாவின் உழைப்புக்கு அவர் கணக்கிலேயே பணம் விழ வேண்டும்.

பரிசு கொடுப்பதாக இருந்தால்

பேருக்கு ஒரு இனிப்புப் பெட்டி வேண்டாம். வீட்டுக்கு உதவுவதைக் கொடுங்கள்: ஒரு மாத மளிகை, நல்ல எண்ணெய், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். சேலை கொடுக்க நினைத்தால் மொத்தமாக ஒரே நிறத்தில் வாங்கிக் குவிக்காமல், அவர்களே தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். இளம்பிள்ளை சேலையோ கோ-ஆப்டெக்ஸ் துணியோ எடுத்தால் இன்னொரு நெசவாளி வீட்டிலும் விளக்கு எரியும்.

வெளியூரில் இருப்பவர்கள், லீவு இல்லாதவர்கள்

லாரி ஓட்டுநரும் கிளீனரும் தீபாவளி அன்று எந்த மாநிலத்து நெடுஞ்சாலையில் இருப்பார்களோ தெரியாது. அவர்களின் போனஸை வீட்டுக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஆட்களுக்கும் இதே முறைதான்.

கோழிக்குப் பண்டிகை தெரியாது. தீவனம் வைக்கவும் முட்டை எடுக்கவும் அன்றும் ஆள் வேண்டும். முறை வைத்து, ஒவ்வொருவருக்கும் அரை நாளாவது ஓய்வு கொடுங்கள். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, தொழிற்கூடங்களில் நான்கு தேசிய விடுமுறையும் ஐந்து பண்டிகை விடுமுறையும் கூலியுடன் தர வேண்டும். அந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுமுறை.

பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் பலருக்கு தீபாவளியைவிட, அதற்கு ஆறேழு நாள் கழித்து வரும் சத் பூஜைதான் பெரிது. யார் ஊருக்குப் போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் தொடங்குகிறது. அன்றே உங்கள் கணக்காளரை உட்காரவைத்து டிக்கெட் போட்டுக் கொடுங்கள். நிற்க இடமில்லாத பெட்டியில் இரண்டு நாள் போகிறவருக்கு ஒரு படுக்கை எவ்வளவு பெரிய உதவி என்பது பயணித்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் இருந்து வேலை செய்பவர்கள்

கொலுசுக்குச் சங்கிலி கோக்கும் பெண்கள், வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர்கள் பெயர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சட்டம் எட்டாத இடத்தில் மனம் எட்டட்டும். ஆண்டில் அவர்கள் வாங்கிய கூலியைக் கூட்டிப் பார்த்து, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சதவீதத்தை இவர்களுக்கும் கொடுங்கள்.

நூல் விலை, வெள்ளி விலை, முட்டை விலை எதுவும் நம் கையில் இல்லை என்பது உண்மை. அதனால் தொகை ஒரு ஆண்டு கூடும், ஒரு ஆண்டு குறையும். குறைகிற ஆண்டில் கணக்கை எதிரே வைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். ஆனால் நாளைத் தள்ளாதீர்கள், பிடித்தம் செய்யாதீர்கள். ஆயுத பூஜைக்குள் சொல்லி, தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.