இராம்குமாரின் வாரணாசி ஓவியங்களில் நிறம், வடிவம், உணர்வு: திணைநோக்கில் ஒரு வாசிப்பு

முன்னுரை

அருவ ஓவியங்களுக்கு விளக்கம் கூற முற்படுவோர் நிறத்திற்கு ஓர் உணர்வெனப் பட்டியலிட்டுக்கொள்வது வழக்கமாக உள்ளது. சாம்பல் துயரம், நீலம் அமைதி எனும் அப்பட்டியல் ஓவியத்தைப் பாராமலே பொருள் கூறிவிடுகிறது. நிலக்காட்சியை அருவமாக்கிய இந்திய ஓவியருள் குறிப்பிடத்தக்கவர் இராம்குமார் (1924–2018). அவருடைய வாரணாசி ஓவியங்களில் உணர்வு எவ்வாறு பிறக்கிறது என்பதை, தொல்காப்பியத்தின் முதல், கரு, உரி என்னும் பகுப்பின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

கரு நீங்கிய நிலம்

இந்தியில் சிறுகதைகளும் எழுதிய இராம்குமார், பாரிசில் ஆந்த்ரே லோத், பெர்னான் லெஜே ஆகியோரிடம் பயின்றவர். 1950களில் அவர் வரைந்தவை பெரும்பாலும் நகரத்துத் தனிமையில் வாடும் மனித உருவங்கள். 1960இல் எம்.எஃப். உசேனுடன் வாரணாசி சென்றபின் அவ்வுருவங்கள் மறையத் தொடங்கின. மக்கள் நெருக்கம் மிக்க ஊரைக் கண்டவர் மக்களையே நீக்கிவிட்டார் என்பது எண்ணத்தக்கது. எஞ்சிய படித்துறையும் வீடுகளும் ஒன்றையொன்று நெருக்கும் கோணக் கட்டங்களாயின.

கருப்பொருள் ஏறத்தாழ நீங்க, நிலமும் மங்க, உரி மட்டும் நிற்கும் நிலை இது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது தொல்காப்பியம் பாடலுக்குக் கூறும் முறை. பாலைக்குத் தனிநிலம் வகுக்காமலே அதன் உணர்வை அந்நூல் ஏற்றுக்கொண்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

சாம்பலின் அயல்

அறுபதுகளின் ஓவியங்களில் சாம்பல், பழுப்போடும் கருமையோடும் இடைவெளியின்றி அடுக்கப்படுகிறது. பார்ப்பவர்க்கு மூச்சுமுட்டும் அடைப்புணர்வு தோன்றுகிறது. பிந்தைய பதிற்றாண்டுகளில் அதே சாம்பல், அகன்ற காவிமஞ்சள், நீலப் பரப்புகளின் அருகே சரிந்து பரவுகிறது. அங்கு அது மூடுபனியாகவோ தொலைவாகவோ தெரிகிறது. நிறம் ஒன்றே, அதன் அயலும் வெளியின் அளவுமே உணர்வை வேறாக்குகின்றன.

இவ்வோவியங்களை ‘நெய்தல்’ எனக் குறித்து, இரங்கலை அவற்றின் உரியாகக் கொள்ளவே இக்கட்டுரையாளர் முதலில் எண்ணினார். அது நிறப்பட்டியலை நீக்கித் திணைப்பட்டியலை வைப்பதாகிவிடும். திணை என்பது புலவரும் கேட்போரும் பகிர்ந்துகொண்ட மரபு. இராம்குமாருக்கும் பார்வையாளருக்கும் இடையே அத்தகைய உடன்பாடு இல்லை. ஆகவே திணைக்கோட்பாடு இங்கு விடையாகாது, வினவும் முறையாகவே பயன்படும்: எந்நிலம், எவை நீக்கப்பட்டன, எவை எஞ்சின? இவற்றைக் கேட்ட பின்னரே சாம்பலின் பொருளை வினவ இயலும்.