இருசொல் ஒருவினை

ஆங்கிலம் பயிலும் மாணவன் ஒருவன், 'தி பிளேன் டுக் ஆஃப் அட் சிக்ஸ்' என்னும் வாக்கியத்தைத் தமிழில் பெயர்க்க முற்படுகிறான் என்று கொள்வோம். அவன் அகராதியைப் புரட்டுகிறான். 'டுக்' என்பது 'டேக்' என்னும் வினையின் இறந்தகால வடிவம் என்றும், 'டேக்' என்பதற்கு 'எடு' என்பது பொருள் என்றும் அறிகிறான். 'ஆஃப்' என்பதற்கு 'அப்பால்' என்று பொருள் காண்கிறான். இரண்டையும் கூட்டி, 'விமானம் ஆறு மணிக்கு அப்பால் எடுத்தது' என்று எழுதிவிடுகிறான். எழுதியதைப் படித்துப் பார்க்குங்கால் அவனுக்கே ஒன்றும் விளங்கவில்லை. அகராதி பொய் கூறவில்லை, மாணவனும் சோம்பியிருக்கவில்லை. ஆயினும் பொருள் தவறிப் போயிற்று. 'விமானம் ஆறு மணிக்குத் தரையினின்று மேலெழுந்தது' என்பதே அவ்வாக்கியத்தின் பொருளாகும். இரண்டு சொற்கள் கூடி ஒரு வினையாய் நிற்பதை அவன் இரண்டாகப் பிரித்தமையே பிழைக்குக் காரணம்.

ஆங்கிலத்தில் இத்தகைய கூட்டுவினைகள் மிகப் பல. எளிய வினைச்சொல் ஒன்று முன்னே நிற்கும். 'அப்', 'அவுட்', 'இன்', 'ஆஃப்' போன்ற சிறு சொல் ஒன்று அதனைச் சார்ந்து நிற்கும். இரண்டும் கூடியவிடத்துப் புதியதொரு பொருள் பிறக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தவிடத்துச் செந்நிறம் தோன்றுகின்றது. அந்நிறத்தை மஞ்சளிலும் காண இயலாது. சுண்ணாம்பிலும் காண இயலாது. கூட்டுவினையின் பொருளும் அத்தகையதே.

இவ்வினைகள் பிறமொழியாளர்க்குப் பெரிதும் இடர் விளைப்பன என்பதை ஆங்கிலப் பேரறிஞராகிய சாமுவேல் ஜான்சன் நன்கு உணர்ந்திருந்தார். 1755-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையிலேயே இதனை எடுத்துக் கூறி, இவ்வினைகளைத் தாம் மிகுந்த கருத்துடன் தொகுத்திருப்பதாகவும் குறித்துள்ளார். அங்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் 'டேக் ஆஃப்' என்பதும் ஒன்று. லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்வினைகளை 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரால் வழங்கினார். அப்பெயரே இன்று இலக்கண நூல்களில் நிலைத்துள்ளது.

இனி, 'டேக் ஆஃப்' என்னும் இவ்வினையின் வரலாற்றைச் சிறிது காண்போம். 'டேக்' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 'நிமன்' என்பதே அப்பொருளில் வழங்கிய பழஞ்சொல். வட கடலைக் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காந்திநாவிய மக்களின் மொழியினின்று 'டேக்' புகுந்தது. நாளடைவில் பழஞ்சொல்லை வழக்கொழியச் செய்தது. 'ஆஃப்' என்பதோ, 'ஆவ்' என்னும் சொல்லை அழுத்திக் கூறியதால் உண்டாகிப் பின்னர்த் தனிச்சொல்லாய்ப் பிரிந்தது. தமிழில் ஐந்தாம் வேற்றுமைக்குரிய நீங்கற்பொருளை இச்சிறு சொல் உணர்த்தும். மலையினின்று வீழ்ந்தது அருவி என்னுமிடத்து வரும் பொருளே அது.

இந்நீங்கற்பொருளை நினைவிற் கொண்டால், இவ்வினையின் பல பொருள்களும் ஒரு நூலிற் கோத்த மணிகள்போல் தோன்றும். வீட்டினுள் நுழைவோன் செருப்பைக் கழற்றுகிறான். செருப்பு காலினின்று நீங்குகின்றது. கடைக்காரர் விலையில் பத்து ரூபாய் குறைக்கிறார். அத்தொகை விலையினின்று நீங்குகின்றது. தொழிலாளி ஒரு நாள் விடுப்பு எடுக்கிறார். அந்நாள் வேலையினின்று நீங்குகின்றது. நண்பன் ஒருவன் சொல்லாமற் கொள்ளாமல் விரைந்து சென்றுவிடுகிறான். அவன் இருந்த இடத்தினின்று நீங்குகிறான். இவை அனைத்திற்கும் ஆங்கிலேயர் இவ்வொரு வினையையே வழங்குவர். ஒருவருடைய நடையையும் குரலையும் மற்றொருவர் நகைச்சுவை தோன்ற நடித்துக் காட்டுதலும் 'டேக் ஆஃப்' எனப்படும். ஜான்சன் காலத்திலும் இவ்வினைக்குப் 'படியெடுத்தல்' என்னும் பொருள் உண்டு.

விமானம் மேலெழுதல் என்னும் பொருளை ஜான்சன் அறிந்திருக்க இயலாது. குதிரையோ வீரனோ தாண்டிக் குதிக்கத் தரையை விட்டெழுவதை 19-ஆம் நூற்றாண்டில் இவ்வினையாற் குறித்தனர். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தாரின் விமானம் முதன்முறையாகப் பறந்தது. அது 12 விநாடிகளில் 120 அடி தொலைவே சென்றது. குதிப்பவனுக்கு வழங்கிய சொல் அதன்பின் விமானத்துக்கும் உரியதாயிற்று. ராஸ்டோ என்னும் பொருளியல் அறிஞர், 1960-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், ஒரு நாட்டின் பொருளாதாரம் விரைந்து முன்னேறத் தொடங்கும் நிலையை இச்சொல்லாலேயே குறித்தார். வணிகமோ புகழோ திடீரென உயர்வதையும் இன்று இவ்வாறே கூறுவர். புதிய பொருள் உலகில் தோன்றுந்தோறும் பழைய சொல் புதிய பணியை ஏற்றுக்கொள்கின்றது.

இத்தனை பொருள்களுள் உரிய பொருளைத் தெளிவது எங்ஙனம்? செயப்படுபொருள் உளதா என்று முதலில் நோக்குதல் வேண்டும். தொப்பி, விலை, நாள் என ஏதேனும் ஒன்று செயப்படுபொருளாய் வரின், அப்பொருளுக்கேற்பக் கழற்றுதல், குறைத்தல், விடுப்பெடுத்தல் எனப் பொருள் அமையும். செயப்படுபொருள் இன்றேல், மேலெழுதல், விரைந்து செல்லுதல், திடீரென உயர்தல் ஆகியவற்றுள் ஒன்றாகும். அவற்றுள்ளும் எழுவாய் விமானமாயின் ஒன்று, மனிதனாயின் மற்றொன்று. பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது தொல்காப்பியம் கூறும் நெறி. 'மா காய்த்தது' என்றால் மரம் என்றும், 'மா கனைத்தது' என்றால் குதிரை என்றும் நாம் மயங்காது அறிகிறோம் அன்றோ? அந்நெறி ஆங்கிலத்துக்கும் ஒளி காட்டுகின்றது.

சொற்கள் நிற்கும் இடத்திலும் ஒரு வரையறை உண்டு. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் கூறலாம். 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் கூறலாம். ஆனால், செருப்புகளை 'அவற்றை' எனச் சுட்டுப்பெயராற் குறிப்பின், அப்பெயர் இடையில்தான் நிற்றல் வேண்டும். 'டேக் தெம் ஆஃப்' என்பதே மரபு.

'இரண்டு சொல்லைச் சேர்த்து மூன்றாவது பொருள் கூறுவது என்ன விந்தை!' என்று நம் மாணவர் வியக்கலாம். அவ்விந்தை நம் மொழியிலும் நாள்தோறும் நிகழ்கின்றது. 'கண்டுபிடித்தான்' என்கிறோம், கண்ணாற் கண்டு கையாற் பிடித்தான் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. 'முயற்சியைக் கைவிட்டான்' என்னுமிடத்துக் கைக்கு வேலையே இல்லை. ஆயின் ஒரு வேறுபாடு காண்க. 'கண்டுபிடிக்கிறான்', 'கண்டுபிடித்தான்' எனத் தமிழில் காலம் காட்டுவது பின்னுள்ள சொல். 'டேக்ஸ் ஆஃப்', 'டுக் ஆஃப்' என ஆங்கிலத்தில் காலம் காட்டுவது முன்னுள்ள சொல். தமிழ் பயிலும் அயல்நாட்டார் 'கண்டுபிடி' என்பதைப் பிரித்துப் பார்த்து இடர்ப்படுவர்; நாம் 'டேக் ஆஃப்' என்பதைப் பிரித்துப் பார்த்து இடர்ப்படுகிறோம்.

ஆகவே, வேற்று மொழி பயில்வோர் சொற்களை எண்ணிப் பொருள் கொள்ளாது, சொற்கள் கூடி வாழும் முறையை நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும். அகராதியில் 'டேக்' என்பதைக் கண்டதும் நின்றுவிடாது, அதன்கீழ் 'டேக் ஆஃப்' எனத் தனியே குறித்திருக்கும் இடம் வரையிற் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் சென்றிருப்பின், அம்மாணவனுடைய விமானம் ஆறு மணிக்கு இனிதே மேலெழுந்திருக்கும்.