கிடேரிக் கன்றுக்கு உயிருள்ள கிருமியா?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் புழங்கும் சில பேச்சுகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கன்று வீச்சு நோய்க்கு ஊசி போட்டால் கிடேரிக்குக் கரு தங்காது.

உண்மை: இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. இந்த நோய்க்குப் போடும் எஸ்-19 ஊசியில் இருப்பது, நோயை உண்டாக்கும் புருசெல்லா பாக்டீரியாவேதான், அதுவும் உயிரோடு. 1923-ல் அமெரிக்காவில் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்து வீரியம் குறைந்துபோன வகை. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையக்கூடும். காளைக் கன்றுக்கும் ஆகாது. அதனால்தான் 4 முதல் 8 மாதக் கிடேரிக்கு மட்டும், ஆயுளில் ஒரே தடவை போடுகிறார்கள். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். அந்த வயதில் போட்டால் பின்னால் சினை பிடிப்பதில் கோளாறு வராது.

நம்பிக்கை: செத்த கிருமியைப் போட்டாலே போதுமே.

உண்மை: கோமாரிக்குப் போதும், இதற்குப் போதாது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் மேலுறை விழுங்கு செல்லின் ஏற்பியில் பட்டதுமே, உடல் காய்ச்சலும் வீக்கமுமாக ஊரைக் கூட்டிவிடும். புருசெல்லாவின் உறை அந்த ஏற்பியை அவ்வளவாக உசுப்பாது. சத்தமில்லாமல் விழுங்கப்பட்டு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் அங்கே எட்டாது. டி செல்கள் என்னும் எதிர்ப்புச் செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து உசுப்பினால்தான் அந்த விழுங்கு செல் தன்னுள் இருக்கும் கிருமியைக் கொல்லும். டி செல்களை அப்படிப் பழக்க, வீரியம் குறைந்த கிருமி உயிரோடு உள்ளே போய்க் கொஞ்ச காலம் தங்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்ட ஓரிரு நாள் கன்று சோர்ந்து உடம்பு சுடுவதும் இதனால்தான்.

நம்பிக்கை: நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றுக்குச் சீம்பால் விட வேண்டும்.

உண்மை: பெரிய நஷ்டம் இதில்தான். தாய் மாடு தான் சந்தித்த பாக்டீரியாக்களுக்கு எதிராக உண்டாக்கிய எதிர்ப்பொருள், கருவில் கன்றுக்குப் போய்ச் சேராது. சீம்பால் வழியாகத்தான் வரும். அதைக் குடல் அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். கொடி அது பாட்டுக்கு விழட்டும்.

நம்பிக்கை: ஆன்டிபயாட்டிக் ஊசி மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி தரும்.

உண்மை: தராது. கிருமியைக் கொல்லும், அவ்வளவே. குடலில் உள்ள நல்லதுகளையும் சேர்த்து.

ஆனேக்கல், கோலார் பக்கமிருந்து மாடு பிடித்து வருபவர்கள் காதுவில்லையின் 12 இலக்க எண்ணைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்து, கிடேரியாக இருந்தபோது கன்று வீச்சு ஊசி போட்ட பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். பதிவு இல்லையென்றால், சினை மாட்டுக்கு இப்போது போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.