கொசுவலைத் தானம்



தானம் என்றவுடன் அன்னமும் ஆடையும் பொருளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஏழையின் உறக்கத்தைக் காத்தலும் தானமே என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? பகலெல்லாம் செங்கல் சுமந்த தாய் ஒருத்தி, இரவில் தன் மகவின்மேல் வந்து மொய்க்கும் கொசுவை முந்தானையால் ஓட்டியவாறே விடியுமட்டும் விழித்திருக்கின்றாள். அவளுக்கு ஒரு வலை கொடுப்பவன் உறக்கத்தைக் கொடுக்கின்றான். மகவிற்கு உயிர்க்காப்பைக் கொடுக்கின்றான். இருவருக்கும் அச்சமின்மையைக் கொடுக்கின்றான். அச்சம் நீக்குதலை அபயதானம் என்பர் பெரியோர். அத்தானத்தை அறிந்து செய்யும் முறை யாது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. பகவான் இசைவளித்த வலை

துறவிக்குரிய பொருள்கள் சீவரம், பிண்டம், உறைவிடம், மருந்து என நான்கு. சீவரம் எதற்காக என்று கூறுமிடத்துக் குளிரையும் வெப்பத்தையும் தடுத்தலோடு, ஈயும் கொசுவும் தீண்டாமற் காத்தலையும் பகவான் ஒரு காரணமாக எடுத்துரைத்தார். விநய பிடகத்தின் சுல்லவக்கத்திலோ, கொசுக்கடியால் பிக்குகள் வருந்திய செய்தி எட்டியபோது, 'மகசகுடிகா' என்னும் கொசுக்கூடாரத்தை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள அவர் இசைவளித்த வரலாறு காணப்படுகின்றது.

'கொசுக்கடியைப் பொறுத்துக்கொள்ளவும் அவர் போதித்தாரன்றோ?' என்று சிலர் வினவலாம். போதித்தார், உண்மையே. ஆனால் பொறுத்தல் ஒருவன் தனக்குத் தானே மேற்கொள்ளும் பயிற்சி. பிறர் குழந்தையை நோக்கி, 'நீ பொறுத்துக்கொள்' என்று கூற எவருக்கும் உரிமை இல்லை. தனக்குப் பொறுமை, பிறருக்குக் காப்பு: இதுவே நன்னெறி.

2. நோய் வரும் வழி

மலேரியா என்னும் சொல்லுக்குக் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே இந்நோயைத் தருகின்றது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1880இல் லாவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் இந்நோய்க்கிருமியைக் கண்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், நம் நாட்டுச் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்பார் கொசுவின் வயிற்றிற்குள் அக்கிருமி வளர்வதைக் கண்டறிந்தார். அனாபிலிஸ் இனத்துப் பெண்கொசு நோயாளியைக் கடித்துக் கிருமியை ஏற்கின்றது. அஃது உள்ளே முதிர்ந்தபின் மற்றொருவரைக் கடித்து அவர் குருதியிற் செலுத்துகின்றது.

இங்கே காரண காரியத் தொடர்பை நோக்குங்கள். நோய் ஊழ்வினையால் வந்ததன்று. தெய்வக் குற்றத்தால் வந்ததுமன்று. இது இருத்தலால் அது உண்டாகின்றது. இது அற்றால் அதுவும் அறும். இக்கொசு பெரும்பாலும் இரவிலேயே கடிக்கின்றது. ஆதலின் உறங்குவோனுக்கும் கொசுவிற்கும் இடையே ஒரு வலையை இட்டால் சங்கிலியின் ஒரு கண்ணி அறுபடுகின்றது.

3. டில்லியில் யாருக்கு வலை வேண்டும்?

டில்லியில் இன்று மலேரியாவால் இறப்போர் மிகச் சிலரே. எனினும் மழைக்காலத்திலும் அதனை அடுத்த மாதங்களிலும் நோய் தோன்றுகின்றது. கட்டிட வேலையிடத்துத் தேங்கு நீர், மூடாத மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றில் நகரத்து அனாபிலிஸ் கொசு பெருகும். அவ்வேலையிடங்களிலேயே உறங்குவோர் யார்? பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலி மக்கள். அவர்கள் ஊருக்குச் சென்று திரும்புகையில் கிருமியும் உடன் வருதல் கூடும்.

2023 ஜூலை 13ஆம் நாள் யமுனை, பழைய இரும்புப் பாலத்தருகே 208.66 மீட்டர் அளவிற்கு உயர்ந்தது. 1978ஆம் ஆண்டு வெள்ளத்தின் 207.49 மீட்டரையும் அது கடந்துவிட்டது. ஆற்றுப்படுகையில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் மயூர் விகார் முதலிய இடங்களில் சாலையோரக் கூடாரங்களில் தங்கின. வெள்ளம் வடிந்தபின் குட்டை நின்றது. குட்டையைத் தொடர்ந்து கொசு வந்தது. கதவும் சன்னலும் உள்ளவன் கதவை அடைத்துக்கொள்வான். தார்ப்பாய்க்குள் வாழ்பவனுக்கு வலையே கதவு.

4. மறதியின் விலை

1947இல் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி மக்கள் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1965அளவில் நோயாளர் தொகை ஏறக்குறைய ஒரு லட்சமாகச் சுருங்கியது. டில்லியிலிருந்த இந்திய மலேரியா நிறுவனமும் 1963இல் தேசியத் தொற்றுநோய்கள் நிறுவனமாக மாற்றி விரிவாக்கப்பட்டது. 'இனி அச்சமில்லை' என்று நாடு எண்ணியது. விழிப்புத் தளர்ந்தது, மருந்திற்கு அஞ்சாத கொசுக்களும் தோன்றின. 1976இல் நோயாளர் 64 லட்சம்!

இலங்கையின் வரலாறும் இதுவே. 1934-35இல் அங்கு ஏறக்குறைய 80,000 பேரை இந்நோய் கொன்றது. 1963இல் நோயாளர் 17 பேர் மட்டுமே. கண்காணிப்புத் தளரவே, அப்பத்தாண்டின் முடிவிற்குள் ஐந்து லட்சத்திற்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் அந்நாடு இரண்டாம் முறை பாடத்தை மறக்கவில்லை. வலை, மருந்து தெளித்தல், விரைந்த குருதிச் சோதனை, ஒவ்வொரு நோயாளியையும் தேடிச் செல்லுதல் ஆகிய எல்லாவற்றையும் போர்க்காலத்திலும் விடாது செய்தது. 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அசட்டையின்மையே இறவாமைக்கு வழி என்னும் அறவுரைக்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ?

5. ஓர் ஐயம்

இக்காலத்து வலைகள் பல பூச்சிமருந்து ஊட்டப்பட்டவை. அவற்றின்மேல் அமரும் கொசு மடியும். 'உயிர்க்கொலை தவிர்ப்பேன் எனச் சீலம் ஏற்ற நாம் இதனைத் தானமாகக் கொடுக்கலாமா?' என்று உபாசகர் ஒருவர் என்னைக் கேட்டார். நேர்மையான கேள்வி, மழுப்பலாகாது.

வெறும் வலை எவ்வுயிரையும் கொல்வதில்லை. அது மனிதனையும் காக்கின்றது, கொசுவையும் நம் கைக்குத் தப்புவிக்கின்றது. கிழிசலின்றி, விளிம்பைப் பாய்க்கடியிற் செருகிப் பயன்படுத்தினால் அதுவும் நல்ல காப்பே. ஆயினும் மருந்தூட்டிய வலையின் காப்பு மிகுதி. ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில், வலையே இல்லாத ஊர்களோடு ஒப்பிட, மருந்தூட்டிய வலை பெற்ற ஊர்களில் குழந்தைச் சாவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. வினை என்பது எண்ணமே என்பது பகவான் வாக்கு. குழந்தையைக் காக்கும் எண்ணத்தோடு வலை கொடுப்பவனும், கொல்வதில் மகிழ்பவனும் ஒருவராகார். அதற்காகக் கொசு மடிவதைப் புண்ணியம் என்று நாம் கொண்டாட வேண்டியதுமில்லை. தன் படுக்கைக்கு எந்த வலை என்பதை அவரவர் சீலத்தின்படி தேர்ந்துகொள்க. ஆனால் நோய் மிகுந்த இடத்தில் பிறர் மகவிற்குக் கொடுக்கும்போது, நம் ஐயத்தின் விலையை அம்மகவு செலுத்துமாறு விடலாகாது. இது என் துணிபு. கற்றோர் வேறு கூறின் கேட்க ஆயத்தமாயிருக்கின்றேன்.

6. கொடுக்கும் முறை

அவ்வெள்ளத்திற்குப் பின் நாங்கள் சிலர் கூடாரவாசிகளுக்கு வலைகள் கொடுத்தோம். கொடுத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். ஒரு திங்கள் கழித்துச் சென்று பார்த்தால், ஒரு வலை காய்கறிக் கூடையை மூடியிருந்தது. மற்றொன்று மூட்டையாகவே கிடந்தது. எனக்குச் சினம் வந்தது. ஓர் அம்மை அமைதியாக, 'பாபாஜி, வலை நல்ல வலைதான். கட்டுவதற்குச் சுவர் எங்கே?' என்றார். நான் நாணினேன். பிழை அவர்களுடையதன்று, கேளாமற் கொடுத்த எங்களுடையது. மறுவாரம் மூங்கிற் கழிகளும் கயிறும் கொண்டு சென்றோம். கயிற்றுக் கட்டிலின் நான்கு கால்களிலும் கழி கட்டி, இளைஞர்கள் வலையை ஏற்றிக் காட்டினர். அன்றிரவே குழந்தைகள் அதனுள் உறங்கினர்.

ஆதலின் கொடுப்போர் இவற்றைக் கடைப்பிடிக்க:

அ. முதலிற் கேளுங்கள். எத்தனை பேர், எங்கே உறங்குகின்றனர், கட்டிலா தரையா என்பதை அறிந்து, இருவருக்கு ஒரு வலை என்ற கணக்கிற் கொடுங்கள். கருவுற்ற பெண்டிரையும் சிறு குழந்தைகளையும் முன்னிறுத்துங்கள்.

ஆ. கழியும் கயிறும் சேர்த்துக் கொடுங்கள், கட்டிக் காட்டுங்கள்.

இ. மருந்தூட்டிய புது வலையை ஒருநாள் நிழலில் விரித்து ஆறவிட்டபின் பயன்படுத்தச் சொல்லுங்கள். மென்மையான சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு துவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஆற்றிலோ குளத்திலோ துவைக்கலாகாது. அம்மருந்து மீன்களுக்கு நஞ்சு. நீண்ட நாள் நிற்கும் வலை ஏறக்குறைய 20 துவைப்பும், மூன்று ஆண்டும் தாங்கும்.

ஈ. திரும்பிச் செல்லுங்கள். கிழிசல் உண்டாயின் தைக்க உதவுங்கள். திரும்பிச் செல்லாத தானம் பாதித் தானமே.

7. வலையோடு முடிவதன்று

ஆலையில் இரவு முறையில் வேலை செய்த நாட்களில் எனக்கே குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சில திங்களுக்குள் அது மீண்டும் வந்து, பதினொரு நாட் கூலியைக் கொண்டுபோயிற்று. பின்னரே காரணம் அறிந்தேன்: விவாக்ஸ் என்னும் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மீண்டும் எழும். இக்காலத்தில் அதற்கு மூன்று நாள் மருந்தும், ஈரற்கிருமியை ஒழிக்கப் பதினான்கு நாள் மருந்தும் மருத்துவர் தருகின்றனர். கருவுற்றோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அப்பின்னைய மருந்து ஆகாது. ஆதலின் மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் அரசு மருத்துவமனையில் குருதிச் சோதனை செய்துகொள்ளுமாறு வலையோடு சொல்லியும் கொடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலிற் கடிப்பது. ஆதலின் பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். வாரம் ஒருமுறை கூலர் நீரைக் கொட்டித் துடைப்பதும், தொட்டியை மூடுவதும் பணமின்றிச் செய்யும் தானங்கள்.

நிறைவுரை

டில்லி பிரோசா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணை நம்மிற் பலர் பார்த்திருப்பீர்கள். வழிநடையில் ஆலமரம் வைத்ததையும், கிணறு தோண்டியதையும் அதிற் பொறித்த அம்மன்னர், இவை சிறியனவே என்றும், மக்கள் அறநெறியில் ஒழுகுதற்பொருட்டே இவற்றைச் செய்ததாகவும் குறிப்பிடுகின்றார். மனிதருக்கும் விலங்கிற்கும் மருத்துவம் அமைத்ததைக் கூறும் அவரது பாறைக் கல்வெட்டிலோ சோழரும் பாண்டியரும் பெயர் சுட்டப்பெறுகின்றனர். மருந்தும் நிழலும் அறத்தின் உறுப்புகள் என்னும் செய்தி நம் முன்னோர் நாட்டிற்கு அன்றே எட்டியது. நாம் வைப்பது ஆலமரமன்று, ஒரு முழத் துணிவலை; ஆயினும் அதன் நிழலில் ஒரு குழந்தை உறங்கும்.

வகுப்பில் எண்ணிப் பார்க்க:
1. பொறுமைக்கும் அசட்டைக்கும் வேறுபாடு யாது?
2. நாம் சென்ற ஆண்டு கொடுத்த தானங்களுள், திரும்பிச் சென்று பார்த்தவை எத்தனை?
3. நம் தெருவில் சுவரின்றி உறங்குவோர் யார் யார்?