அருவியைப் படம் பிடித்தல்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஜப்பானில் நாச்சி என்றோர் அருவி. உயரம் 133 மீட்டர். அதன் அடிவாரக் கோயிலில் கருவறை கிடையாது. அருவியே மூலவர். உச்சியில் வைக்கோற் புரி கட்டி, ஆண்டுக்கு இருமுறை புதுப்பிப்பர். பல நூற்றாண்டுகளுக்கு முன் பட்டில் தீட்டிய நாச்சி ஓவியம் டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அப்பகுதியிற் பிறந்த ரிசாகு சுசூக்கி என்னும் புகைப்படக் கலைஞர், 1998-இல் 'குமானோ' என்ற நூலில், நடந்து போகிறவன் கண்ணில் படுவதுபோல அந்நிலத்தை அடுத்தடுத்த படங்களாகத் தந்தார்.

இவ்வழிபாடு நமக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக் குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகம் பாடினார். பேரருவிப் பாறையில் இலிங்கங்கள் செதுக்கப்பட்டிருப்பதை நீர் குறைந்த நாளில் காணலாம். மற்ற நான்கு சபைகளிலும் சிலையாக நிற்கும் கூத்தர், நம் சித்திர சபையில் ஓவியமாகவே இருக்கிறார். படத்தைக் கும்பிடும் ஊரில் படமெடுப்பவனுக்குப் பொறுப்பு அதிகம் அல்லவா?

இக்காலக் கலைப்படங்களில் அருவி பெரும்பாலும் வெண்பட்டாகத் தொங்குகிறது. காரணம் எளிது. 5 மீட்டர் விழுந்த நீரின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். கேமராக் கண் 1/1000 விநாடி திறந்தால் துளி 1 செ.மீ.தான் நகரும், முத்தாக உறைந்து நிற்கும். ஒரு விநாடி திறந்தால் துளிகளெல்லாம் கலந்து பட்டாகிவிடும். ஆனால் அந்த ஒரு விநாடியில் ஆள் அசைந்தால் புகையாகிவிடுவார். அதனால் ஆளில்லாத நேரம் பார்த்தே எடுக்கிறார்கள்.

நாச்சிக்கு அது பொருந்தும். அங்கே எட்ட நின்று கைகூப்புகிறார்கள். குற்றாலத்துக்குப் பொருந்தாது என்பேன். எங்கள் வீட்டில் யாரும் 'அருவி பார்த்து வந்தோம்' என்று சொன்னதில்லை; 'குளித்து வந்தோம்' என்பதே பேச்சு. இங்கே தலையைக் கொடுப்பதுதான் வழிபாடு. ஆளை நீக்கிய குற்றாலப் படம், பக்தர் இல்லாத திருவிழாப் படம்.

1/15 விநாடி வைத்துப் பார்க்கலாம். நீர் 65 செ.மீ. அளவுக்குக் கோடாக இழுபடும். கம்பியைப் பற்றிக் குனிந்து நிற்பவர் முகம் ஓரளவு தெளிவாகவே விழும். சாரல் நாளின் மேக வெளிச்சத்துக்கு இந்த வேகம் எளிதில் கிடைக்கும். கேமராவைத் தாங்கியில் நிறுத்த வேண்டும். லென்ஸில் படியும் சாரலைத் துடைக்க உலர்ந்த துணி இரண்டாவது வேண்டும். ஒன்று உடனே நனைந்துவிடும்.