வந்த செய்தியை அனுப்புமுன்



2018-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள அத்திமூர் பக்கமாக ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தனர். வழி கேட்பதற்காக இறங்கியபோது, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தனர். உடனே, "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்!" என்ற கூச்சல் கிளம்பிற்று. கூட்டம் கூடி அவர்களை அடித்தது. வயது முதிர்ந்த ஒரு பெண்மணி மாண்டுபோனார். மற்றவர்கள் பலத்த காயமடைந்தனர்.

இதற்குக் காரணம் யாது? பிள்ளைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்திருக்கிறது என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப் மூலமாகப் பரவியிருந்தது. அதை அனுப்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. பிள்ளைகளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற கவலையால்தான் அநேகர் அனுப்பியிருப்பார்கள். ஆகையால் நல்லெண்ணம் மட்டும் போதாது, விசாரணையும் வேண்டும்.

முற்காலத்தில் ஒரு செய்தி அச்சேறுமுன் அதைப் படித்து, தவறானதைத் தள்ளுவதற்குப் பத்திராதிபர் ஒருவர் இருந்தார். இன்றோ செல்போனைக் கையில் வைத்திருக்கும் மாணவனே பத்திராதிபர். அவன் அறிய வேண்டியவற்றை வினா விடையாகத் தருகிறோம். வீட்டில் எல்லோரும் கூடி வாசிக்கவும்.

வினா: கண்ணால் பார்த்த வீடியோவும் பொய்யாகுமோ?

விடை: ஆகும். அதே 2018-இல் நம் தேசமெங்கும் ஒரு வீடியோ சுற்றி வந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோரை எச்சரிப்பதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் முடிவில் அவ்விருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைப் பிடித்துக் காட்டுகிறார்கள். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். மீதியைப் பார்த்தவர்கள் உண்மையான கடத்தல் என்றே நம்பினார்கள்.

வினா: அநேகர் அனுப்பியிருந்தால் அது உண்மையாகத்தானே இருக்கும்?

விடை: அப்படியல்ல. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி இடுகிறது. அது உண்மைக்கு அத்தாட்சி அன்று. எழுதியவர் உனக்குத் தெரிந்தவர் அல்ல என்பதையே அது காட்டுகிறது. 2018 ஜூலையில் அந்நிறுவனமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது.

வினா: நான் எழுதவில்லையே, வந்ததைத்தானே அனுப்பினேன், என் மேல் என்ன குற்றம்?

விடை: உன் அத்தை அந்தச் செய்தியை நம்புவது எழுதியவனை அறிந்ததால் அல்ல, உன்னை அறிந்ததால். நீ அனுப்பும்போது உன் நல்ல பெயரையே அதற்கு ஜாமீனாகக் கொடுக்கிறாய்.

வினா: எவ்விதம் சோதிப்பது?

விடை: மூன்று கேள்வி கேள். முதலாவது, இதைச் சொன்னவர் யார்? "ஒரு டாக்டர் சொன்னார்" என்றால் போதாது, பெயரும் ஊரும் வேண்டும். இரண்டாவது, எங்கே, எப்போது நடந்தது? படத்தைக் கூகிள் லென்ஸில் தேடினால், அது பழைய படமா, வேறு தேசத்துப் படமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்றாவது, பொறுப்புள்ள பத்திரிகையோ அரசாங்க அறிவிப்போ இதைச் சொல்லியிருக்கிறதா?

வினா: சோதித்தும் தெரியாவிட்டால்?

விடை: அனுப்பாதே. குழந்தை ஒன்றுக்கு ஆபத்து என்று மெய்யாகவே தோன்றினால், 1098 என்ற எண்ணுக்கு உடனே போன் செய். உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வதுதான் பலன் தரும்.

இவற்றைப் பிள்ளைகள் கற்க முடியுமா என்று ஐயுற வேண்டாம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தார் 2018-இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறிவதற்கென்றே வகுப்பு நடத்தினார்கள். தடுப்பூசியைப் பற்றிய வதந்திகளை நம்பி, பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததைக் கண்டே இந்த ஏற்பாடு பிறந்தது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பக் குழுவில் பொய்ச் செய்தியை அனுப்புகிறவர் சில வேளை நாமாகவே இருக்கிறோம். "அப்பா, இது பொய்யாமே" என்று மகள் சொன்னால், "பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறாயா?" என்று அவள் வாயை அடைக்காதீர்கள். அவளுடன் உட்கார்ந்து பாருங்கள். தவறு நம்முடையதானால், எந்தக் குழுவில் அனுப்பினோமோ அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். அதைக் காணும் பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

வீட்டுப் பயிற்சி: இந்த வாரம் உங்கள் போனுக்கு வந்த செய்தி ஒன்றை எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மேற்சொன்ன மூன்று கேள்விகளையும் குடும்பமாகக் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் போதும்.