பரணில் கிடக்கும் ஆட்டோகிராஃப் நோட்டு

சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் பார்த்த தலைமுறை இருந்த வீடுகளில், பரணை ஒழிக்கும்போது கிரிக்கெட் வீரர்களின் கையெழுத்து நோட்டோ, கையெழுத்திட்ட மட்டையோ அகப்படுவது உண்டு. எடைக்குப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிச் சேர்ப்பவர்களுக்கும் உதவும்.

1. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய தாள் கிடைத்ததும் ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஓடுவோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கெடுக்காமல் உரிப்பது நடக்காத காரியம். செல்லோ டேப்பும் எதிரிதான். என் மாமா கிழிசலுக்கு டேப் ஒட்டி வைத்த ஒரு தாளில், இன்று பழுப்புப் பட்டை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

2. வாங்கும்போது எந்தப் பேனா என்று பாருங்கள். பால்பாயின்ட் பேனா பரவலாக விற்பனைக்கு வந்தது 1940-களின் நடுவில். 1932-ல் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடிய இந்திய அணியின் தாள் என்று ஒருவர் நீட்டுகிறார், கையெழுத்து பால்பாயின்ட்டில் இருக்கிறது என்றால், பின்னாளில் போட்டதாகச் சொல்வார். அமர் சிங் பெயரும் அதே பேனாவில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் 1940-லேயே காலமாகிவிட்டார்.

3. லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது அச்சு. மட்டைகளில் வீரரின் கையெழுத்தை அச்சிட்டு விற்பது பழைய வழக்கம்; அதை அசல் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு.

4. புகழ் வேறு, விலை வேறு. பிராட்மேன் 2001 வரை வாழ்ந்தார். கடிதம் போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் சளைக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஆகவே அது அரிய சரக்கல்ல. 1915-ல், 37 வயதில் இறந்துபோன ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் விக்டர் ட்ரம்பரின் கையெழுத்துதான் லேசில் சிக்காது. பிராட்மேன் தலையில் இருந்த தொப்பி என்றால் கதையே வேறு: 1928-ல் அவருக்குக் கிடைத்த பச்சைத் தொப்பி 2020-ல் 4,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது.

5. ஒற்றைக் கையெழுத்தைவிட, ஒரே ஆட்டத்தில் ஆடிய அணி முழுவதும் போட்ட தாளைத் தேடுங்கள். 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது சேப்பாக்கத்தில்தான். வினு மன்கட் மட்டும் 12 விக்கெட். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் 'டை' ஆனதும் அங்கேதான். இந்த ஆட்டங்களின் ஸ்கோர் கார்டு கையெழுத்தோடு உங்கள் வீட்டில் இருந்தால், பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

6. ஆளி விதை எண்ணெய் ஆடுகிற மட்டைக்கு. கையெழுத்து மட்டையில் பூசினால் மை கலங்கிவிடும். ஈரத்துணியும் ஆகாது, உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

7. ஹாலில் மாட்ட ஆசையா? கலர் நகல் எடுத்து அதை மாட்டுங்கள். வெயிலில் மை வெளுத்துப்போகும், அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

8. அந்தப் பெட்டியில் ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். அந்துருண்டை தாளைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை திறந்து, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

9. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புமுன் தொல்லியல் துறையிடம் விசாரியுங்கள். 1972-ஆம் வருடச் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 ஆண்டு.

10. விற்பவரே அச்சடித்துத் தரும் 'அசல்' சான்றிதழுக்கு நான் கால் காசு தரமாட்டேன். வீரரிடம் நேரில் கையெழுத்து வாங்கியவரின் வாய்மொழிதான் சான்று: எந்த ஆட்டம், எந்த நாள், எந்த வாசலில் காத்திருந்து வாங்கியது. தனித் தாளில் எழுதி, டிக்கெட் துண்டு இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். தாத்தா வீட்டில் இருக்கிறாரா? இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் பேசவிட்டு, போனில் பதிவு செய்துவிடுங்கள்.